மற்றவை: 1

முதல் மதிப்பீட்டாளர் நல்லவர்.
மேற்கோள் பட்டியலில் ஓர் ஆண்டு தவறு என்றார்,
இரண்டு காற்புள்ளிகளை நகர்த்தினார்,
அவ்வளவுதான்.

இரண்டாமவர் கேட்டார்:
'நாற்பத்தொரு பேர் போதுமா?'

ஐயா,
அல்லது அம்மா
(பெயரை மறைத்து அனுப்புகிறார்கள், எனக்கெப்படித் தெரியும்)
அந்த நாற்பத்தொரு பேரைப் பிடிக்கப்
பதினோரு ஞாயிறு ஆனது.
கோத்தகிரியிலிருந்து பஸ், பிறகு ஜீப்பு,
ஜீப்பு நின்ற இடத்திலிருந்து
காலில் அட்டைகளோடு நடை.
லயத்து வாசலில் வினாத்தாளை நீட்டினால்
'கையெழுத்து எதுக்கு?' என்பார்கள்,
ஒரு கையெழுத்தில் நாடு மாறியவர்கள்.

ஒருநாள் பாதையை அடைத்துக் காட்டெருமை.
நாற்பது நிமிடம் அது என்னைப் பார்த்தது,
நான் அதை.
'ஆய்வின் வரம்புகள்' பகுதியில்
அதையும் எழுதியிருந்தேன்.
வழிகாட்டி சிரித்துவிட்டு அடித்தார்.

தலைப்பு:
தேயிலைத் தோட்டக் குடும்பங்களின்
தகவல் தேடும் நடத்தை.
உரக்கச் சொன்னால்
யாருக்கோ நன்னடத்தைச் சான்று
எழுதிக்கொடுப்பது போலிருக்கும்.

பதினான்காம் கேள்வி:
நூலகத்தில் தேடிக் கிடைக்காமல் போனது எது?
பழைய டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாள் என்றவர் பதினேழு.
சாதிச் சான்றுக்கு என்னென்ன வேண்டும், பன்னிரண்டு.
சர்க்கரை வியாதி, பொட்டாஷ் விலை, பத்திரம் எழுதும் முறை
எல்லாம் சேர்த்துப் பதினொன்று.

மிச்சம் புஷ்பலீலா.
இலை பறிப்பவர், ஐம்பத்து நான்கு வயது.
'தலைமன்னாருல இருந்து எங்கள ஏத்திட்டு வந்த
கப்பலோட பேரு.'
அழுத்தி எழுதியிருந்தார்.
தாளின் பின்பக்கம் தடவினால்
விரலில் படும்.

'இப்பதில் தரவோடு ஒட்டவில்லை.
நீக்கலாம்.
அல்லது மற்றவையில் சேர்க்கலாம்.'
இதுவும் இரண்டாமவர்.

அந்த வாரம்தான் வேறொரு இதழிலிருந்து கடிதம்:
மூன்றே நாளில் வெளியீடு,
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்,
சான்றிதழ் இலவசம்.
என் பதவி உயர்வுக் கோப்பு
ஊட்டியில் ஒரு மேசையில்
ஒரே ஒரு கட்டுரைக்காகக் காத்திருந்தது.
இரவு பதினோரு மணிக்குத்
தொகையை அடித்தேன், ரகசிய எண்ணில் பாதியும்.
சிக்னல் போயிற்று.
மனசாட்சி என்று சொல்ல ஆசைதான்.
மின்சாரம் போனால் எங்கள் ஊரில்
கோபுரமும் படுத்துவிடும்.

திருத்தி அனுப்பினேன்.
மற்றவை, 1, 2.4 விழுக்காடு.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று,
குடைக்குள் மடிக்கணினியை வைத்து,
நான் நனைந்து.

பதினான்கு மாதம் கழித்து வந்தது.
சுட்டியைத் தொட்டால் தலைப்பு, என் பெயர்,
பத்து வரிச் சுருக்கம்,
அப்புறம் ஒரு பூட்டு.
திறக்க முப்பத்தொன்பது டாலர்.
என் நூலகத்துக்கு வரும் எல்லா வார இதழ்களும்
அதில் ஒரு வருடம் வரும்.
நான் எழுதியதன் வாசலில்
நான் வரிசையில் நின்றேன்.

'எழுதினீங்களே, வந்துச்சா?'
மழைக்கு ஒதுங்கியவர் கேட்டார்.
பக்க வடிவமைப்புக்கு முந்தைய பிரதியைக்
கொடுக்கலாம் என்கிறது ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு.
அச்செடுத்துக் கொடுத்தேன்.
இங்கிலீஷைத் தாண்டித் தாண்டி
அட்டவணையில் வந்து நின்றது விரல்.

'இதுல நான் எங்க?'

காட்டினேன்.

'ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க.
அந்தக் கப்பல்ல எத்தன பேரு வந்தோம்!'

பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்தில்
திருப்பித் தரும் தேதியை முத்திரையிட்டுவிட்டேன்.
பதினான்காம் நாள் கொண்டுவந்து வைத்தார்.
ஒன்றைச் சுற்றிப் பென்சில் வட்டம்.
ஓரத்தில், இடம் போதாமல் சரிந்து சரிந்து,
இருபத்து மூன்று பெயர்கள்.
சிலதற்குப் பக்கத்தில் 'கைப்பிள்ள'.
ஒன்றுக்குப் பக்கத்தில் 'வழியிலயே'.
கப்பலின் பெயர் மட்டும் இன்னும் இல்லை.

தரவு சேகரிப்பு முடிந்த நாள் என்று
கட்டுரையில் ஒரு தேதி கொடுத்திருக்கிறேன்.